கறைச்செம்மலின் குனிவாசல்

மேசைகளுக்கு நடுவே என்னோடு மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் குட்டி ரயில் கழகத் தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் கால் நீட்ட இடமில்லாமல் முட்டியை மடக்கி வைத்திருக்கும் செயலாளர் அவர்களே! எனக்குப் பின்னால் சமையலறை வாசலில் நிற்கும் அண்ணி அவர்களே! அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகளே! எனக்கு முன்னால், இரண்டு மேசைகளையும் இணைக்கும் இந்தக் குட்டி ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், கூடத்திலும் வாசலிலும் மாடிப்படியிலுமாக நெருக்கியடித்து நிற்கும் கழகத்தவர்களே, அக்கம்பக்கத்தாரே, அண்ணனோடு வேலை பார்த்த பெரியவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசிக்கொண்டிருப்பாள் என்று என்னிடம் வருகிறவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். இன்று நீங்கள் வாயை மூடிக்கொண்டே கேட்கலாம். நாம் கூடியிருப்பது யாருக்காக? கறைச்செம்மல் என்று நம் கழகம் பட்டம் கொடுத்துப் போற்றிய துரு அண்ணனுக்காக. போன மாதம்வரை நான் இப்போது நிற்கும் இதே இடத்தில் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, 'டாக்டரம்மா, இந்தச் சுவர் ரொம்பச் சுத்தமா இருக்கு, பார்க்கவே சகிக்கல' என்று சொன்ன மனிதருக்காக!

கடைசியாகப் பேச என்னை விட்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. தலைவர் ஒரு தீர்மானத்தை எழுதி என் கையில் கொடுத்திருக்கிறார். இந்தக் கூடத்தில் உள்ள குட்டி ரயில் ஊர், இருக்கும் இடத்தில் இருக்கும்படியே, கறைச்செம்மலின் நினைவிடமாக என்றென்றும் காக்கப்படும். கழகம் ஞாயிறுதோறும் இங்கேயே கூடும். அண்ணி அதன் காப்பாளராக இருப்பார். நான் இதைப் படிக்க வேண்டும், நீங்கள் கையை உயர்த்த வேண்டும், அத்தோடு கூட்டம் முடிந்தது.

ஆனால் காலையில், சமையலறையில், அண்ணி என்னிடம் வேறொன்று சொன்னார்.

"கடைசியா நீங்கதான் பேசுறீங்களாமே டாக்டரம்மா?"

"ஆமா அண்ணி."

"அப்போ இந்த மேசையை எடுத்துடச் சொல்லுங்க. நான் சொன்னா, பாவம், துக்கத்துல ஏதோ உளறுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

தலைவரே, என் முழங்கையை இழுக்காதீர்கள். கையில் ஒன்றும் காதில் ஒன்றுமாக நான் நிற்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வேன்? நழுவிவிடலாம் என்றாலும் வழியில்லை. வெளியே போக வேண்டுமானால் இத்தனை பேர் பார்க்க மண்டிபோட்டு மேசைக்கடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். ஆகவே பேசுகிறேன். பேசி முடிக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன்.

அவர் யார்? ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் பெயின்டர்களுக்கு மேஸ்திரி. அவருடைய உத்தியோகம் என்ன? சுவரில் ஈரம் ஊறினால் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, அங்கே ஈரமே இருந்ததில்லை என்று காட்டுவது. பகலெல்லாம் கறையை ஒழித்தவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன செய்தார்? கட்டைவிரல் உயரமுள்ள வீடுகளுக்குக் கறை ஏற்றினார்! 'ஏன் அண்ணே இந்த முரண்பாடு?' என்று கேட்டேன். 'பகல்ல பொய் சொல்றேன் டாக்டரம்மா, சாயங்காலம் அதைச் சரிக்கட்டுறேன்' என்றார்.

நானும் கறை ஒழிக்கிறவள்தான். அதனால்தானோ என்னவோ, பார்த்த முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். கடைவாய்ப்பல் வலி என்று வந்து என் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாயில் பஞ்சும் குழாயும் இருக்க, 'ஆ, ஆ' என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். பயப்படுகிறார் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டேன். அதற்கும் 'ஆ' என்றார். கடைசியில் பஞ்சை எடுத்ததும் விஷயம் வெளியே வந்தது. என் தட்டில் இருந்த நுனி தேய்ந்த கொக்கியைக் கேட்டிருக்கிறார். 'அது செங்கல் கோடு கீற அளவா இருக்கும். நீங்க தூக்கித்தானே போடப்போறீங்க?' பிடுங்கிய பல்லையும் விடவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'இந்தப் பழுப்பு எந்தச் சாயத்துலயும் வராதும்மா' என்று காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பல் எங்கே என்று தெரியுமா? இடது பக்க மலையில், சுரங்கத்தின் வாயருகே ஒரு பழுப்புப் பாறை இருக்கிறதே, 'அடடா, என்ன இயற்கையாக இருக்கிறது' என்று நீங்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்களே, அதுதான். செயலாளர் கையைத் துடைத்துக்கொள்கிறார். காலம் கடந்துவிட்டது ஐயா.

அன்று முதல் என்னிடம் மிஞ்சும் கொக்கிகள், பல் அச்சு எடுக்கும் மாவு, பழைய தூரிகைகள் எல்லாம் இந்த வீட்டுக்கு வந்தன. அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மாவைக் கரைத்துத் தட்டையாக ஊற்றுவார். அது பாதி இறுகும்போது செங்கல் செங்கலாகக் கோடு கீறுவார். கதவு என்றால், அட்டைத் துண்டில் துரு நிறம் பூசி, அதன் மேல் உப்புத் தூவி, உப்பின் மேல் பச்சைச் சாயம் அடிப்பார். காய்ந்ததும் விரலால் உப்பைத் தட்டிவிட்டால், அடேயப்பா! வெயிலிலும் மழையிலும் கிடந்து சாயம் பெயர்ந்த தகரக் கதவு நம் முன்னால் நிற்கும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை வினிகரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசுவார். புதுக் குச்சி பழைய வேலிக்காலாகச் சாம்பல் பூத்துப்போகும்.

இதெல்லாம் கைவேலை. யாரும் பழகிக்கொள்ளலாம். அவரிடம் மட்டும் இருந்தது என்ன? ஒரு வீட்டை அழுக்காக்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்வி. 'இதுல யாரு இருக்காங்க?' அதற்குப் பதில் கிடைக்காமல் தூரிகையைத் தொடமாட்டார். சரக்குக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு காவலாளி இருக்கிறார் என்று முடிவு செய்தார். அவருக்கு இடுப்புவலி. நாற்காலி கொடுக்கவில்லை. ஆகவே வாசலுக்கு வலப்பக்கம், முதுகு படும் உயரத்தில், சுவர் எண்ணெய் பிடித்துக் கறுத்து மினுங்கும். காவலாளி பொம்மையை அவர் வைக்கவே இல்லை! சாய்ந்த இடத்தை மட்டும் வைத்தார். அந்தச் சுவரைப் பார்க்கும் எவருக்கும் முதுகு வலிக்கும். இப்படி ஒரு கண் யாருக்கு வரும்?

தலைவர் வீட்டுக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தன் சொந்த வீட்டை அப்படியே சிறியதாகச் செய்துவாங்கி, பளபளவென்று கொண்டுவந்து, 'இதுக்குக் கொஞ்சம் வயசு கொடுங்க' என்று அண்ணனிடம் கொடுத்தார். திரும்பி வந்த வீட்டைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. மொட்டைமாடிச் சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாகக் காக்கை எச்சம்!

"என் வீட்டு மாடியில காக்காயே உட்காராதுய்யா!"

"உட்காரும் சார். நீங்க இல்லாத நேரமா பார்த்து உட்காரும்."

தலைவர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் தன் மாடிக்கு ஏறிப் பார்த்தார். அதற்கு அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று 'கறைச்செம்மல்' என்று பட்டம் கொடுத்தார். தலைவரே, உங்கள் பெருந்தன்மையை நான் மறைக்கவில்லை. அதே நேர்மையோடு மற்றதையும் சொல்லத்தான் போகிறேன்.

நண்பர்களே, புகழ்ந்தது போதும். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இறந்துபோனவர் மேல் இரங்கல் கூட்டத்தில் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். வேறு எந்தக் கூட்டத்தில் போய்க் கோபப்படுவேன்?

இந்தக் கூடத்தைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் வலப்பக்கச் சுவரோரம் ஒரே ஒரு மேசை. ஒரு தண்டவாளம், ஒரு நிலையம், நாலைந்து வீடுகள். அண்ணி சந்தோஷமாக ஒரு பூச்சட்டியைக்கூட அதில் வைத்தாராம். பிறகு இடப்பக்கச் சுவரோரம் இன்னொரு மேசை. அங்கே மலை எழுந்தது. மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஜன்னல்! இந்த வீட்டுக் கூடத்துக்கு இருந்த ஒரே ஜன்னல். 'மலை இல்லாம சுரங்கம் எப்படிம்மா?' என்றார். நியாயம்தான். அதன் பிறகு வெளியே மழையா வெயிலா என்று இந்தக் கூடத்தில் இருந்தபடி யாருக்கும் தெரியாது. மேசையில் இருக்கும் அத்தனை வீட்டிலும் எந்தத் திசையிலிருந்து சாரல் அடிக்கும் என்று கணக்கு வைத்திருந்தவர், தன் வீட்டில் மழை பெய்தால் அண்ணி மாடியிலிருந்து துணி எடுத்து வரும்போதுதான் தெரிந்துகொண்டார்.

இன்னொன்று கேளுங்கள். அந்த மலைக்குப் பின்னால், அடைபட்ட ஜன்னலோரம், நிஜச் சுவரில் நிஜமாகவே ஈரம் ஊறியது. ஊரில் எந்தச் சுவர் ஊறினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்த மேஸ்திரி! மலையை எடுக்காமல் அதன் பக்கத்தில் போக முடியாது. அண்ணி காட்டினார். எட்டிப் பார்த்துவிட்டு, 'நிறம் நல்லா வந்திருக்கு, விடு' என்றாராம். இதை அண்ணி சொன்னபோது நான் சிரித்தேன். அண்ணியும் சிரித்தார். சிரித்து முடித்து, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்த ஈர வாடை இப்போதும் வருகிறது, கவனித்தீர்களா?

அப்புறம் வந்தது இந்தப் பாலம். இரண்டு பக்கமும் மேசை, நடுவில் வழி. முன்வாசலிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் சமையலறைக்கு வர அந்த ஒரே வழிதான். அதைத் தாண்டி இரண்டு மேசையையும் இணைத்துவிட்டால் ரயில் நிற்காமல் போகும் என்றார். நீங்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றீர்கள். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் எப்படிங்க போறது?"

"தூக்குப் பலகையா போட்டுத் தரேன். கீல் வச்சு. ஒரு விரலால தூக்கினா மேல போயிடும். நீ ராணி மாதிரி போகலாம்."

சத்தியமாக அப்படித்தான் செய்தார். அதோ வாசலில் நிற்கிறாரே, தச்சர், அவர்தான் கீல் அடித்தவர். பலகையை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார் என்று அண்ணியே சொல்கிறார். கொஞ்ச காலம் அண்ணி இந்த வழியில் நிமிர்ந்து நடந்தார். அப்புறம் அந்தப் பலகையில் ஆறு வந்தது. கரை வந்தது, நாணல் வந்தது, வார்னிஷை ஊற்றி ஊற்றி ஓடும் தண்ணீர் வந்தது. ஆறு வந்தாலும் பலகை தூக்கத்தான் முடிந்தது. ஆனால் தூக்கும் இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஆற்றின் குறுக்கே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. பொதுமக்கள் பார்க்க வரும் நாள் நெருங்கியபோது, கழகத்தின் ஒரு முக்கியமானவர் குனிந்து பார்த்து, 'எல்லாம் பிரமாதம். ஆத்துல மட்டும் ஒரு கோடு ஓடுதே' என்றார். யார் என்று நான் சொல்லமாட்டேன். என் முழங்கையை விட்டுவிட்டு அவர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கோட்டை அண்ணன் அடைத்தார். எப்படி அடைத்தார்! என் மாவால்தான் அடைத்தார். அதன் மேல் சேறு, பாசி, வார்னிஷ். பல்லும் அடைப்பும் சேரும் கோட்டைத் தேடியே பிழைக்கிறவள் நான். எனக்கே அந்தக் கோடு தெரியவில்லை! உலகத்தில் எவராவது கதவைச் செய்துவிட்டு, கதவு என்று தெரியக்கூடாது என்பதற்காக அதைப் பூசி அடைப்பார்களா? நம் ஆட்கள் அடைப்பார்கள். அடைத்துவிட்டு அழைத்துக் காட்டுவார்கள். நாமும் கைதட்டினோம். 'காட்சி நாள் முடிஞ்சதும் திறந்துடறேன்' என்று அண்ணியிடம் சொன்னார். காட்சி நாள் முடிந்தது. ஆறு அவ்வளவு அழகாக இருந்தது. திறக்கவில்லை.

அன்றிலிருந்து இதற்குக் குனிவாசல் என்று பெயர். யார் வைத்த பெயரோ, வாய்க்கு வாய் சொல்லிச் சிரித்தோம். நமக்கு வாரம் ஒருமுறை குனிவது வேடிக்கை. எழும்போது தலை இடித்துக்கொண்டால் அதைவிட வேடிக்கை. அண்ணிக்கு? உலை கொதிக்கும்போது வாசல்மணி அடித்தால் குனிய வேண்டும். படுக்கையறையில் போன் அடித்தால் குனிய வேண்டும். காய்ச்சலோடு கஞ்சி எடுத்துக்கொண்டு குனிய வேண்டும். நம் எல்லோருக்கும் டீத் தட்டோடு குனிந்து வந்து, தட்டை முதலில் தரையில் தள்ளிவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து வந்து, எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு 'எடுத்துக்கோங்க' என்றாரே!

இப்போது அந்த நாள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் தலைவரின் தீர்மானத்திலேயே அது இருக்கிறது.

அண்ணன் இங்கேதான், நான் நிற்கும் இடத்தில், ஒரு பால் பண்ணைக் கூரைக்குத் துரு பூசிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அண்ணி ஆம்புலன்ஸை அழைத்தார். இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள்.

"என்னம்மா இது? இந்த மேசை எங்க திறக்கும்?"

"இங்கதான். கீழ குனிஞ்சு பாருங்க, கீல் தெரியும். தூக்குங்க. சீக்கிரம் தூக்குங்க!"

மேலேயிருந்து பார்த்த நமக்குத்தான் கோடு தெரியாது. தினமும் அடியில் போய் வந்த அண்ணிக்குக் கீல் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஒருவர் உள்ளே குனிந்து முதுகைக் கொடுத்து நெம்பினார். பலகை முனகியது. அப்போது கீழே கிடந்த அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"பார்த்துப்பா. ஆறு விரிஞ்சிடும்."

அந்த ஆள் நிறுத்திவிட்டார். உயிருக்குப் போராடுகிறவர் சொன்னால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்? படுக்கை விரிப்பில் அவரைக் கிடத்தி, ஒருவர் அந்தப் பக்கமிருந்து இழுக்க, அண்ணி இந்தப் பக்கமிருந்து காலைத் தள்ள, மேசைக்கடியில் சாமான் மூட்டையைப் போல இழுத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. அந்தச் சில நிமிடங்களால் எதுவும் மாறியிருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நானும் டாக்டர்தான். அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்கும், ஆறுதலாகவும் இருக்கும். இரண்டில் எது என்று கேட்கிறவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

தலைவர் என்ன எழுதியிருக்கிறார்? படிக்கிறேன். 'உயிர் பிரியும் வேளையிலும் தன் கலைக்கு ஊறு நேரக்கூடாது என்று கட்டளையிட்ட மாமனிதர்.' அழகான தமிழ்தான். ஆனால் ஐயா, அந்தச் சொல்லை இந்தப் பக்கம் நின்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். கணவர் கடைசியாகப் பேசப்போகிறார் என்று குனிந்து காதைக் கொடுத்தவர். தன் பெயரைச் சொல்வார், மகளைப் பற்றிச் சொல்வார், பயமாக இருக்கிறது என்றாவது சொல்வார் என்று காத்திருந்தவர். அவருக்குக் கிடைத்தது ஆறு! இதைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டி, அதற்குக் கீழே அவரையே காப்பாளராக உட்கார வைக்கப் போகிறோமா?

காலையில் நான் அண்ணியிடம் கேட்டேன், அண்ணன் மேல் கோபமா என்று. பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்.

"அவரை எனக்குப் பிடிக்கும்மா. ரொம்பப் பிடிக்கும். இந்த மேசையைத்தான் பிடிக்கல. ரெண்டும் ஒண்ணுன்னு அவரும் நினைச்சுட்டாரு, நீங்களும் நினைச்சுட்டீங்க."

அதைக் கேட்டுவிட்டு நான் இந்தப் பக்கமிருந்து குனிந்து வெளியே போனேன். போகும்போது கண்ணில் பட்டது. நீங்களும் பின்னால் வந்து பாருங்கள். பலகையின் அடிவிளிம்பில், எழுவதற்குக் கை ஊன்றும் இடம். மரம் கறுத்து, வழவழத்து, நான்கு விரலும் ஒரு உள்ளங்கையும் பதியும் அளவுக்குக் குழிந்து மினுங்குகிறது. இந்தக் கூடத்தில் உப்பும் வினிகரும் சாயமும் இல்லாமல் தானாகப் பழசான ஒரே இடம் அதுதான். இல்லாத காவலாளியின் முதுகுவலியைக் கண்டுபிடித்தவர், இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் தாங்கியிருக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. அவர் குனிந்ததெல்லாம் நாளுக்கு ஒருமுறை, அதுவும் அடுத்து எந்தக் கூரைக்குத் துரு என்ற யோசனையோடு, அவ்வளவுதான். அவருக்கு வேண்டிய சோறும் தண்ணீரும் அவர் நின்ற இடத்துக்கே வந்தன.

ஆகவே இந்தத் தீர்மானத்தை நான் படிக்கப் போவதில்லை. மடித்துவிட்டேன்.

சலசலப்பு வேண்டாம். அவர் பணியைத் தொடர்வோம் என்று இரங்கல் கூட்டங்களில் உறுதி எடுப்பார்கள். நானும் எடுக்கிறேன். அவர் விட்டுப்போன பணி எது? ரயில் ஓடுவதா? அது யார் வீட்டிலும் ஓடும். நிலையத்தை நான் எடுத்துக்கொண்டு போய் என் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் வைக்கிறேன். பல் பிடுங்க வந்தவர்கள் பயத்தை மறந்து பார்க்கட்டும். தலைவர் தன் வீட்டைக் காக்கை எச்சத்தோடு கொண்டுபோகட்டும். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள், அவர் கை பட்டது ஒன்றும் குப்பைக்குப் போகக்கூடாது. மலை போனதும் அந்த ஈரச் சுவரைச் சுரண்டிப் பட்டி பார்க்க அவரோடு வேலை பார்த்த நீங்கள் நாளை வருகிறீர்கள். தலையாட்டுகிறீர்கள், நன்றி. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. கட்டியவளுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். தூக்குப் பலகை தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டு அடைத்துவிட்டார். அந்த வேலைதான் மிச்சம்.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று மௌனம் காப்போம். இன்றைக்கு மௌனம் வேண்டாம். தச்சரே, முன்னால் வாருங்கள். பாலத்தின் மேல் இருக்கும் ரயிலை யாராவது எடுத்துவிடுங்கள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அண்ணி, நீங்களே சொல்லுங்கள். என்ன செய்யட்டும்?

கேட்டதா? பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "தூக்குங்க" என்கிறார். தச்சர் தயங்குகிறார், 'பார்த்துத் தூக்கணும்மா, ஆறு தாங்காது' என்கிறார். அதற்கு அண்ணி சொல்வதையும் கேளுங்கள். "பார்த்தெல்லாம் வேண்டாம். விரிஞ்சா விரியட்டும்."

தலைவர் எழுந்துவிட்டார். வாதாடப் போகிறார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த மூலைக்குப் போகிறார். "கோடு தெரியுதுன்னு சொன்னவன் நான்தானே, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்கிறார். பிடியுங்கள் ஐயா. செயலாளரே, நீங்கள் இந்தப் பக்கம். நானும் ஒரு கை கொடுக்கிறேன். அண்ணே, எங்களை மன்னியுங்கள், உங்களை எங்களுக்கு இவ்வளவு பிடிக்கும். ம், தூக்குங்கள்!

போயிற்று. கரையோடு ஆறு இரண்டாகப் போயிற்று. பலகை மேலே நிற்கிறது, வழி தெரிகிறது. அந்தப் பக்கத்து ஜனங்களே, கொஞ்சம் விலகி நில்லுங்கள், அவர் வருகிறார்.

வாங்க அண்ணி. இல்லை, இல்லை, குனியாதீங்க. பழக்கத்துல குனியறீங்க, மேல ஒண்ணும் இல்ல. கையை எடுங்க அண்ணி. நிமிர்ந்தே வாங்க.